ஆர்கானிக் மசாலா: எதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்?

கடையில் சாதாரண மஞ்சள்தூளுக்குப் பக்கத்திலேயே 'ஆர்கானிக்' பாக்கெட்டும் இருக்கிறது. விலை ஒன்றரை மடங்கு, சில இடங்களில் இரண்டு மடங்கு. கொடுக்கலாமா, வேண்டாமா? எந்த மசாலா என்பதைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல முடியும். எல்லாப் பயிருக்கும் ஒரே அளவில் மருந்து அடிப்பதில்லை.

இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களில் இலைப்பேனுக்கும் தண்டுத்துளைப்பானுக்கும் மருந்து அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். காயைப் பல சுற்றாகப் பறிப்பதால், மருந்தின் வீரியம் குறைவதற்குள் அடுத்த பறிப்பு வந்துவிடும். மிளகாயும் அப்படித்தான். 2021-ல் ஆந்திரா, தெலங்கானாவில் கறுப்பு இலைப்பேன் தாக்கியபோது, மாற்றி மாற்றி மருந்து தெளித்தும் பலரால் பூவைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த இரண்டுக்கும் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. மிளகு அப்படியல்ல. வாடல் நோய்க்கு மழைக்கு முன் அடிக்கும் போர்டோ கலவை, இயற்கை முறையிலும் அளவோடு அனுமதிக்கப்பட்டதுதான்.

மஞ்சளில் வயலைவிட, வயலைத் தாண்டிய பிறகுதான் ஆபத்து அதிகம். பளபளப்புக்காக, பாலீஷ் போடும்போது 'லெட் குரோமேட்' என்ற ஈயச் சாயத்தைச் சேர்க்கும் மோசடி உண்டு. வங்கதேசத்தில் 2019-ல் இது ஆய்வில் வெளிவந்து, அரசே களத்தில் இறங்கித் தடுத்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால் தூளைத் தவிர்த்து விரலியாக வாங்கி, மில்லில் அரைத்துக்கொள்வது நல்லது. முழு விரலியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டால், சாயம் ஏற்றியது உடனே மஞ்சள் நிறத்தைக் கக்கும்; நல்ல விரலி கக்காது. 'ஆர்கானிக்கில் குர்குமின் அதிகம்' என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். அதை முக்கியமாகத் தீர்மானிப்பது ரகமும் மண்ணும் கிழங்கின் முதிர்ச்சியும்தான்.

செலவுக் கணக்கு பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. மாதம் 100 கிராம் மஞ்சள்தூள் செலவாகும் வீட்டில், கிலோவுக்கு 200 ரூபாய் கூடுதல் என்றாலும் மாதத்துக்கு 20 ரூபாய்தான். அரிசியிலோ எண்ணெயிலோ இப்படி முடியாது.

விளைவிப்பவர் பக்கத்தில் கணக்கு கடினமானது. களைக்கொல்லி இல்லாமல் மூன்று, நான்கு முறை கைக்களை எடுக்க வேண்டும். 100 கிலோ பச்சை மஞ்சளை வேகவைத்துக் காயவைத்தால் சுமார் 20 கிலோதான் தேறும். அதையும் மண்டி ஏலத்துக்குக் கொண்டுபோனால், இயற்கை மஞ்சள் என்று யாரும் தனி விலை வைப்பதில்லை. அரைத்துத் தானே விற்றால்தான் கட்டுபடியாகும்.

பாக்கெட்டில் வாங்குபவர்கள் 'ஜெய்விக் பாரத்' முத்திரையைப் பார்க்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சிறு உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்றால், சான்றிதழ் கட்டாயமில்லை. அப்படி வாங்கும்போது என்ன ரகம், எங்கே வேகவைத்தார்கள், யாரிடம் பாலீஷ் போட்டார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். சொந்தமாக விளைவித்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார்.