டி.வி-யில் கல்யாண வீடியோ... பெட்டிக்குள் பத்திரமாக ஒரிஜினல்! வீட்டுக்கு ஒரு 'நாஸ்' அமைப்பது எப்படி?

கல்யாண வீடியோ ஒரு பென் டிரைவில், காதுகுத்து போட்டோக்கள் ஸ்டூடியோக்காரர் கொடுத்த டி.வி.டி-யில், குழந்தையின் முதல் பிறந்தநாள் அப்பாவின் பழைய போனில்... பல வீடுகளில் நினைவுகள் இப்படித்தான் சிதறிக் கிடக்கின்றன. கூகுள் போட்டோஸும் அளவில்லா இலவச இடத்தை 2021 ஜூன் 1-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. தாண்டினால் காசு.

இதற்கு வீட்டிலேயே ஒரு தீர்வு உண்டு. அதுதான் 'நாஸ்'. ஹார்ட் டிஸ்க்குகளை உள்ளே வைத்து, ரவுட்டரோடு இணைத்துவிடும் சின்னப் பெட்டி. வீட்டில் உள்ள எல்லா போனும் கம்ப்யூட்டரும் இதைப் பொதுவான பீரோ போலப் பயன்படுத்தலாம். டி.வி-யோடு ஒரு சின்ன கம்ப்யூட்டரை இணைத்து, அதை இந்தப் பெட்டியோடு பேசவைத்தால், ஹாலில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பெரிய திரையில் பார்க்கலாம்.

இணைக்க நான்கு படிகள்

1. கேபிள்: நாஸ் பெட்டியை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். முடிந்தால் டி.வி. கம்ப்யூட்டரையும் அப்படியே. கீழே பனியன் கம்பெனி, மேலே வீடு என்றிருக்கும் திருப்பூர் கட்டடங்களில், கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் வைஃபை களைத்துவிடும். வீடியோ திக்கித் திக்கி ஓடும்.

2. மாறாத முகவரி: ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.10 என்பது போல ஓர் எண் கொடுக்கும். மின்தடைக்குப் பிறகு அது மாறினால், டி.வி. கம்ப்யூட்டருக்குப் பெட்டி இருக்கும் இடம் தெரியாது. ரவுட்டர் செட்டிங்ஸில் நாஸுக்கென்று ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

3. தனி யூஸர்: நாஸில் 'டி.வி.' என்ற பெயரில் புது யூஸர் உருவாக்கி, 'ரீட் ஒன்லி' அனுமதி மட்டும் கொடுங்கள். பார்க்கலாம், அழிக்கவோ மாற்றவோ முடியாது.

4. கோடி: டி.வி. கம்ப்யூட்டரில் 'கோடி' என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். வீடியோஸ், ஃபைல்ஸ், ஆட் வீடியோஸ், பிரவுஸ், ஆட் நெட்வொர்க் லொக்கேஷன் என்று வரிசையாகப் போய், 'எஸ்.எம்.பி' என்பதைத் தேர்ந்தெடுத்து, நாஸின் எண்ணையும் ஃபோல்டர் பெயரையும் 'டி.வி.' யூஸரின் பாஸ்வேர்டையும் கொடுத்தால் வேலை முடிந்தது.

மூன்றாவது படி ஏன் முக்கியம்?

ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரை வீட்டில் எல்லோரும் தொடுவார்கள். குழந்தை கை தவறி அழித்தாலும், அந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தாலும், இந்த யூஸர் வழியாகப் பெட்டிக்குள் இருப்பதை எதுவும் செய்ய முடியாது.

அதேபோல, வெளியூரில் இருந்து பார்ப்பதற்காக நாஸை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற ரான்சம்வேர், அப்படித் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டு பிட்காயின் கேட்டது.

இரண்டு டிஸ்க் இருந்தால் போதாதா?

நாஸில் இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் இருப்பதை இன்னொன்றிலும் வைக்கலாம். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது காப்பாற்றும். ஆனால் ஒரு போட்டோவை நீங்கள் அழித்தால், இரண்டிலும் சேர்ந்தே அழியும். பெட்டியே திருடுபோனால் இரண்டுமே போச்சு.

1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையால் அழிந்தது. பேக்கப்பும் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மேன் என்ற அதிகாரியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது.

திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. பையருக்கு அனுப்பும் சாம்பிளைப் போலவே இன்னொன்றைத் தைத்து, 'கவுன்டர் சாம்பிள்' என்று கம்பெனியில் எடுத்து வைப்பது இங்கே வழக்கம். நினைவுகளுக்கும் ஒரு கவுன்டர் சாம்பிள் வேண்டும். மாதம் ஒருமுறை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, கழற்றி, உறவினர் வீட்டிலோ லாக்கரிலோ வையுங்கள்.

பஞ்சும் கரன்ட்டும்

நிட்டிங் மெஷினில் பஞ்சை ஊதித் தள்ள ஃபேன் உண்டு. நாஸில் இருக்கும் ஃபேனோ காற்றோடு பஞ்சையும் உள்ளே இழுக்கும். பஞ்சு அடைத்தால் சூடு ஏறும். டிஸ்க்கின் ஆயுள் குறையும். அதனால் தறி, தையல் நடக்கும் தளத்தில் பெட்டியை வைக்காதீர்கள். அவ்வப்போது அணைத்துவிட்டு, பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஃபைல் கெடலாம். ஒரு சின்ன யு.பி.எஸ். போடுங்கள். மாதாந்திர ஷட்டவுன் நாளில் முன்கூட்டியே முறைப்படி அணைத்துவிடுங்கள். கரன்ட் வந்ததும் முதலில் ரவுட்டர், அடுத்து நாஸ், சில நிமிடம் கழித்து டி.வி. கம்ப்யூட்டர் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு பரீட்சை

எல்லாம் முடிந்ததும், டி.வி. கம்ப்யூட்டரில் இருந்து ஒரு வேண்டாத போட்டோவை அழித்துப் பாருங்கள். 'அனுமதி இல்லை' என்று வர வேண்டும். பிறகு, லாக்கருக்குப் போகும் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி, கல்யாண வீடியோவை ஓட்டிப் பாருங்கள். இரண்டும் சரியாக நடந்தால், உங்கள் வீட்டு நினைவுகள் பத்திரம்!