ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு... உங்கள் நாயின் கண்ணில் எது அழகு, எது ஆபத்து?

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு ஹஸ்கி வளர்க்கிறார்கள். அதற்கு ஒரு கண் வானத்து நீலம், இன்னொன்று டிகாஷன் நிறம். மாலையில் அதைக் கூட்டிக்கொண்டு போனால் தெருவே நின்று பார்க்கும். "பாவம், ஒரு கண்ணு தெரியாது போல" என்பார் இஸ்திரி வண்டிக்காரர். "பேய் நாய்" என்று கத்திக்கொண்டு ஓடும் பொடிசுகள். உண்மையில் அந்த நாய்க்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். அதே தெருவில் ஒரு பக் நாய், நாள் முழுக்க ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசலில் கிடக்கிறது. அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. டாக்டரிடம் போக வேண்டியது அதுதான்.

நாய்க் கண்ணைப் பற்றி நம் ஊரில் பேச்சுக்குக் குறைவே இல்லை. புருவத்துக்கு மேலே இரண்டு பொட்டு இருந்தால் 'நாலு கண் நாய்'. வெளிர் நிறக் கண் என்றால் 'பூனைக் கண்'. கண்ணில் வெள்ளை தெரிந்தால் 'பூ விழுந்துடுச்சு'. இதில் முதலாவது வெறும் முடியின் நிறம். டாபர்மேன், ராட்வைலருக்கெல்லாம் அந்த இடத்தில் பொட்டு இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் பிறவி அழகு. மூன்றாவதுதான் வில்லங்கம். 'பூ' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுமில்லாத விஷயமும் இருக்கிறது, ஒரே நாளில் கண்ணைப் பறித்துவிடும் விஷயமும் இருக்கிறது.

நீலக் கண் எப்படி வருகிறது?

நாய்க்குட்டி பிறந்து 10 முதல் 14 நாளில் கண் திறக்கும். அப்போது எல்லாக் குட்டிக்கும் கண் கொஞ்சம் நீலம் பூத்த மாதிரிதான் இருக்கும். மெலனின் என்ற நிறமி படியப் படிய, இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள் பழுப்பாக மாறிவிடும். 'நீலக் கண் குட்டி' என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கியவர்கள் பிறகு ஏமாந்து நிற்பது இதனால்தான். நீலக் கண்ணுக்குள் நீல நிறமி என்று ஒன்று கிடையாது. நிறமி இல்லாத கருவிழிப் பகுதியில் வெளிச்சம் சிதறுவதால் நமக்கு நீலமாகத் தெரிகிறது.

ஹஸ்கியின் கதை தனி. 2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 6,000-க்கும் மேற்பட்ட நாய்களின் டி.என்.ஏ-வை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 18-வது குரோமோசோமில், ஏ.எல்.எக்ஸ்-4 என்ற மரபணுவுக்கு அருகில் ஒரு துண்டு இரட்டிப்பாகியிருப்பதுதான் ஹஸ்கியின் நீலக் கண்ணுக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு என்பதும் இதே வகைதான். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால், எல்லா நீலக் கண்ணும் இப்படிச் சாதுவானது அல்ல. உடம்பில் சாம்பலும் கருப்புமாகத் திட்டுத்திட்டாக நிறம் தெளித்த 'மெர்ல்' வகை நாய்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இரண்டு நாய்களைச் சேர்த்துக் குட்டி எடுத்தால், சில குட்டிகள் காது கேட்காமல், கண் சிறுத்து, பார்வை குறைந்து பிறக்கும். டால்மேஷியனில் நீலக் கண் உள்ளவற்றுக்குக் காது கேளாமை அதிகம். நம்முடைய ராஜபாளையத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2005-ல் தபால்தலையில் இடம்பிடித்த பெருமைக்குரிய நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, வெளிர் பொன்னிறக் கண். அந்த வெள்ளைக்கு விலையாக, காது கேட்காத குட்டிகளும் அவ்வப்போது பிறக்கின்றன. வாங்குவதற்கு முன், குட்டி தூங்கும்போது பின்னால் நின்று ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். கண்ணை மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

ராத்திரியில் கண் பச்சையாக மின்னுவதைப் பார்த்துப் பயந்தவர்களுக்கும் ஒரு வரி. விழித்திரைக்குப் பின்னால் நாய்களுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. உள்ளே வந்த வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புவதால், குறைந்த வெளிச்சத்திலும் நாய்க்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். செல்போன் ஃபிளாஷில் பச்சையாக அல்லது மஞ்சளாக மின்னுவது அதுதான். நீலக் கண் நாய்கள் பலவற்றுக்கு இந்தப் படலம் இருக்காது. அவற்றின் கண் போட்டோவில் சிவப்பாகத் தெரியும்.

'பூ' விழுந்தால்..?

ஆறேழு வயதுக்கு மேல் பல நாய்களுக்குக் கண்மணிக்குள் லேசாக நீலச் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். கண்புரை என்று நினைத்து வீடே கலங்கிப்போகும். பெரும்பாலும் அது புரை அல்ல. கண்ணின் லென்ஸ் வாழ்நாள் முழுக்கப் புதுப்புது இழைகளை வெளிப்பக்கம் அடுக்கிக்கொண்டே இருக்கிறது. உள்ளே இருக்கும் பழைய இழைகள் நெருங்கி இறுகுவதால் அந்த நிறம் வருகிறது. நமக்கு நரை மாதிரி. பார்வை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும், மருந்து எதுவும் தேவையில்லை.

நிஜமான புரை, பாலைச் சொட்டு விட்டது போல வெள்ளையாக இருக்கும். இரண்டையும் வெறும் கண்ணால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். டாக்டர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, உள்ளே வெளிச்சம் பாய்ச்சிப் பார்ப்பார். உள்ளே இருந்து அந்த மினுமினுப்பு திரும்பி வந்தால் வயதின் வேலை. வெளிச்சத்தை மறித்தால் புரை.

புரை சில வாரங்களிலேயே மளமளவென்று முற்றினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரை நோயை. ஆம், நாய்க்கும் வரும். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை லென்ஸுக்குள் புகுந்து, அங்கே வேறொரு பொருளாக மாறி, தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. லென்ஸ் ஊறி வெளுத்துப்போகிறது. சர்க்கரை வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் புரையும் வந்துவிடுகிறது. சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிக்கிறது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகிறது, நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது என்றால் கண் வெளுக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

மனிதர்களுக்குச் செய்வது போலவே நாய்க்கும் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண்ணுக்கென்று தனிப் பிரிவே உண்டு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. விழித்திரை நன்றாக இருந்தால்தான் ஆபரேஷனால் பலன், அதை முன்கூட்டியே சோதித்துவிடுவார்கள்.

இனி அவசரமான 'பூ'. கண்மணிக்குள் இல்லாமல், கண்ணின் முன்பக்கப் படலமே மங்கி நீலமாகத் தெரிகிறது. வெள்ளை விழி சிவந்திருக்கிறது. கண்மணி விரிந்து, வெளிச்சம் பட்டாலும் சுருங்கவில்லை. நாய் தலையைத் தொடவிடாமல் ஒதுங்குகிறது. இது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் கிளாக்கோமாவாக இருக்கலாம். காக்கர் ஸ்பேனியல் மாதிரி சில இனங்களுக்கு அதிகம் வரும். சில மணி நேரத்திலேயே பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும். 'ஞாயிற்றுக்கிழமை கழியட்டும்' என்று இருக்கவே கூடாத நோய் இது.

ஃபிரிட்ஜில் இருந்த சொட்டு மருந்து

எங்கள் வீட்டில் ராணி என்று ஒரு பொமரேனியன் கலப்பு. ஒருநாள் பூனையோடு சண்டை போட்டுவிட்டு வந்து, வலது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தண்ணீராக வழிந்தது. பார்த்தால் கண்ணின் நடுவே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மங்கல். பக்கத்து வீட்டுப் பாட்டி தாய்ப்பால் விடச் சொன்னார். இன்னொருவர் விளக்கெண்ணெய் என்றார். நாங்கள் படித்தவர்கள் இல்லையா, அதெல்லாம் செய்யவில்லை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மிச்சம் இருந்த சொட்டு மருந்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, வேளைக்கு இரண்டு சொட்டு வீதம் மூன்று நாள் விட்டோம். சிவப்பு குறைந்தது. சந்தோஷப்பட்டோம். நான்காம் நாள் காலையில் அந்த மங்கல் கஞ்சி மாதிரி குழைந்து கண் முழுக்கப் பரவியிருந்தது.

கால்நடை டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "என்ன மருந்து போட்டீங்க?" புட்டியைக் காட்டினோம். டெக்ஸாமெத்தசோன் என்று அதில் இருந்தது. அது ஸ்டீராய்டு. ஆபரேஷனுக்குப் பிறகு வீக்கத்தைக் குறைக்க மனிதர்களுக்குக் கொடுப்பது. கருவிழிப் படலத்தில் புண் இருக்கும்போது அதே மருந்து புண்ணை ஆறவிடாது. கிருமி வளர இடம் கொடுக்கும். படலமே கரைந்து ஓட்டை விழுந்துவிடும். ராணிக்கு அந்தக் கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. முதல் நாளே போயிருந்தால் ஆன்டிபயாட்டிக் சொட்டோடும், கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்போடும் முடிந்திருக்கக்கூடிய விஷயம்.

புண் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் ஃப்ளூரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தை விடுவார்கள். படலம் உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து நிமிட வேலை. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் ஆகிய பெயர்கள் புட்டியில் இருந்தால், டாக்டர் சொல்லாமல் நாயின் கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

முழித்த கண் நாய்கள்

2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே ஓடிவந்ததே, அந்த பக். பிறகு ஷிட்ஸு, லாசா ஆப்சோ... இவற்றின் முகம் தட்டை, கண்குழி ஆழமில்லை. கண் வெளியே துருத்தி நிற்பதால் இமை முழுசாக மூடாது. தூங்கும்போதுகூடக் கீற்றாகத் திறந்திருக்கும். மூக்கு மடிப்பு முடி கண்ணில் உரசிக்கொண்டே இருக்கும். புண் வருவதற்கு வேறென்ன வேண்டும்? கண்ணைச் சுற்றியுள்ள முடியை நறுக்கி விடுங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பில் கட்டும் ஹார்னஸ் போடுங்கள். பிடரியைப் பிடித்துத் தூக்குவது இவற்றுக்கு ஆகவே ஆகாது.

பெரிய நாய் கடித்தாலோ, வண்டியில் அடிபட்டாலோ இவற்றின் கண்விழி குழியைவிட்டு வெளியே வந்துவிடுவதுண்டு. பார்க்கவே பதறும். உள்ளே தள்ள முயற்சி செய்யாதீர்கள். சலைன் இருந்தால் சலைன், இல்லாவிட்டால் சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் கண்ணை மூடி, காய விடாமல், நாய் காலால் பிராண்டாமல் பிடித்துக்கொண்டு உடனே ஓடுங்கள். சீக்கிரம் போனால் கண்ணைத் திரும்ப உள்ளே வைத்துத் தைக்க முடியும்.

குட்டிப் பருவத்தில் கண்ணின் உள்மூலையில் செர்ரிப் பழம் போலச் சிவப்பாக ஒரு கட்டி துருத்தும். பெயரே 'செர்ரி ஐ'. நாய்க்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. அதிலுள்ள கண்ணீர்ச் சுரப்பி இடம் நழுவி வெளியே வருவதுதான் இது. "வெட்டிட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் ஒரு தடவை யோசியுங்கள். கண்ணீரில் கணிசமான பங்கு அங்கேதான் சுரக்கிறது. வெட்டிய நாய்களுக்குப் பின்னாளில் கண் வறண்டுபோகும் அபாயம் அதிகம். உள்ளே தள்ளித் தைப்பதுதான் இப்போது செய்வது.

வறண்ட கண்ணுக்கு அடையாளம், பளபளப்பு போய் மங்கிய விழியும், இழுத்தால் நூலாக வரும் பச்சை மஞ்சள் பூளையும். சாதாரணப் பூளை என்று மாதக்கணக்கில் துடைத்துக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. டாக்டர் ஒரு காகிதத் துண்டை இமைக்குள் வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார். 15 அல்லது அதற்கு மேல் என்றால் நலம். சைக்ளோஸ்போரின் களிம்பு நல்ல மருந்து, ஆனால் அநேகமாக ஆயுளுக்கும் போட வேண்டியிருக்கும்.

நம் ஊர் நாய்க்கு, அது ஜாதி நாயோ தெரு நாயோ, உண்ணி பெரிய எதிரி. உண்ணிக் காய்ச்சலில் ரத்தத்தில் பிளேட்லெட் குறையும்போது, கண்ணுக்குள்ளேயே ரத்தம் கசிந்து சிவப்பாகத் தேங்குவதுண்டு. வெள்ளை விழி மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள் காமாலை. எலிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இரண்டிலும் சொட்டு மருந்தைத் தேடுவதில் பயனில்லை, ரத்தப் பரிசோதனைதான் வழி.

வாரம் ஒரு நாள், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் நாயின் இரண்டு கண்ணையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மெதுவாக வரும் மாற்றம், தினமும் பார்க்கும் நமக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும், டாக்டருக்கும் காட்டலாம். பார்வையில் சந்தேகம் என்றால் முகத்துக்கு நேரே கையை ஆட்டாதீர்கள், காற்று பட்டாலே சிமிட்டும். ஒரு பஞ்சு உருண்டையைச் சத்தமில்லாமல் கண் முன்னே கீழே போடுங்கள். பார்வை இருந்தால் தலை அதன் கூடவே இறங்கும். ராத்திரியில் மட்டும் படி இறங்கத் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். விழித்திரை மெல்ல மெல்லத் தேயும் பரம்பரை நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

ராணி இன்னும் எங்களோடுதான் இருக்கிறது. கண்ணை எடுத்த முதல் வாரம் கேட்டில் இடித்துக்கொண்டது, சோபா மூலையில் இடித்துக்கொண்டது. அதன்பிறகு வீட்டில் ஒரு சாமானைக்கூட நாங்கள் இடம் மாற்றவில்லை. வலது பக்கமாக வந்து திடீரென்று தொட்டால் மட்டும் திடுக்கிட்டு உறுமும். அதனால் இப்போது அப்பா முதல் பேப்பர் போடும் பையன் வரை, இடது பக்கமாக வந்து, "ராணி" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் தொடுகிறார்கள்.