உங்களுக்குத் தெரியுமா? ஆய்வகத்தில் வளரும் விழித்திரை!

● தோலிலோ கல்லீரலிலோ கோளாறு என்றால் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதித்துவிடலாம். உயிரோடிருப்பவரின் விழித்திரையில் அப்படிக் கைவைத்தால் பார்வைக்கே ஆபத்து. அதனால்தான் அதே செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, நோயை அங்கே வைத்துப் படிக்கிறார்கள்.

● எலியின் கண்ணில் மேக்குலா கிடையாது. நாம் எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் விழித்திரையின் நடுவிலுள்ள இந்தச் சிறு பகுதியால்தான். முதுமையில் மேக்குலா ஏன் சிதைகிறது என்று அறிய எலி மட்டும் போதாது. மனித செல் வேண்டும்.

● உலகெங்கும் ஆய்வகங்களில் புழங்கும் ‘ஏஆர்பிஇ-19’ செல்கள், விபத்தில் இறந்த 19 வயது இளைஞரின் கண்ணிலிருந்து 1986-இல் பிரித்தெடுக்கப்பட்டவை. விழித்திரையின் ஒளியுணர் செல்களைத் தாங்கி நிற்கும் நிறமி அடுக்கைச் சேர்ந்தவை அவை. இன்றும் பெருகிக்கொண்டே இருக்கின்றன!

● ஒளியுணர் செல்களின் நுனி தினமும் கொஞ்சம் உதிர்கிறது. அதை விழுங்கிச் செரிப்பது நிறமி செல்களின் வேலை. இந்தத் துப்புரவு நின்றால் பார்வை மங்கும். அத்தகைய நுனிகளையே நிறமி செல்களுக்கு ஊட்டி, எங்கே தடங்கல் என்று ஆய்வகத்தில் கண்டுபிடிக்கிறார்கள்.

● ஜப்பானின் ஷின்யா யமனாகா 2007-இல் மனிதத் தோல் செல்லை, பலவகை செல்களாக வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டினார்; 2012-இல் நோபல் பரிசு பெற்றார். இந்த முறையில் நோயாளியின் தோலிலிருந்தே விழித்திரை செல்களை உருவாக்கலாம். அவருடைய மரபணுப் பிழையும் அதில் அப்படியே இருக்கும்.

● ஜப்பானின் கோபே நகரில் விஞ்ஞானி யோஷிகி சசாய் குழுவினர் வளர்த்த எலியின் ஸ்டெம் செல்கள், தாமாகவே மடிந்து கண்ணின் தொடக்க வடிவமான கிண்ணமாக உருவெடுத்தன. ஆண்டு 2011. மனித செல்லும் அதையே செய்தது அடுத்த ஆண்டு.

● இப்படி வளரும் ‘விழித்திரை ஆர்கனாய்டு’ கடுகளவுதான். முதிர்ந்ததும் அதன் விளிம்பில் மெல்லிய மயிர்போல் ஒளியுணர் செல்களின் நுனிகள் நீட்டி நிற்பது நுண்ணோக்கியில் தெரியும். இதற்கு 200 நாளுக்கு மேல் ஆகும். நீல நிறத்தை உணரும் கூம்பு செல்கள் முதலிலும், சிவப்பு, பச்சைக்கானவை பிறகும் தோன்றுகின்றன. இந்த மாற்றத்தை நடத்துவது தைராய்டு ஹார்மோன் என்று 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

● 2014 செப்டம்பரில் ஜப்பானியக் கண் மருத்துவர் மசாயோ தகஹாஷி குழுவினர், 70 வயதைக் கடந்த பெண்மணியின் தோலிலிருந்து உருவாக்கிய நிறமி அடுக்கை அவர் கண்ணிலேயே பொருத்தினர். அதன் அளவு 1.3 x 3 மில்லிமீட்டர். ஓராண்டுக்குப் பிறகு பார்வை கூடவில்லை. ஆனால் குறையவும் இல்லை. பொருத்திய அடுக்கும் நிலைத்து நின்றது.

● ஆய்வகத்தில் பலித்ததெல்லாம் கண்ணிலும் பலித்துவிடாது. பிறவியிலேயே பார்வையைப் பறிக்கும் ஒரு மரபணுக் கோளாறுக்கான ‘செபோஃபார்சென்’ மருந்து, ஆர்கனாய்டில் பிழையைச் சரிசெய்தது. 2022-இல் வெளியான பெரிய மருத்துவ சோதனை முடிவிலோ எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை.

● கண் தானத்தில் பெரும்பாலும் கருவிழிதான் இன்னொருவருக்குப் பொருத்தப்படுகிறது. விழித்திரையும் வீணல்ல. ஆய்வகத்தில் வளர்ந்த செல் நிஜக் கண்ணைப் போலவே இருக்கிறதா என்று ஒப்பிட, தானமாக வந்த கண்களே அளவுகோல். கருவிழி பொருத்தத் தகுதியில்லாத கண்ணும், சம்மதம் இருந்தால், ஆராய்ச்சிக்கு உதவும். கண் தானத்துக்குப் பதிவு செய்யும்போது இதையும் கேட்டு, குடும்பத்தாரிடமும் சொல்லி வையுங்கள்.