வெண்பா: கதையும் ஆட்டமும்

தமிழ் யாப்பில் வெண்பா ஒரு பாவகை. அப்பெயர் தாங்கிய கணினி விளையாட்டொன்றை, கனடாவின் டொராண்டோ நகரைச் சார்ந்த 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழுவினர் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் இணையரும் அவர்தம் மகன் கவினும் அதன் மாந்தர். கதை 1988-இல் தொடங்குகிறது.

உரையாடலால் நகரும் கதையின் இடையிடையே சமையல் ஆட்டங்கள் அமைகின்றன. தாய் தந்த சமையற்குறிப்பேடு சிதைந்துள்ளது. இட்லியோ புட்டோ பிரியாணியோ, அழிந்த வரிகளை ஆடுபவரே உய்த்துணர்ந்து சமைத்தல் வேண்டும். ஏடு சிதைந்தாற்போன்றே மகனிடத்துத் தமிழும் தேய்கிறது. ஆட்டமும் கதையும் ஈண்டு ஒன்றாகின்றன. 2024-இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு சிறந்த முதற்படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது.

பிள்ளைகள் கடல்கடந்து வாழும் தஞ்சைத் தரணியின் இல்லங்களிலும் பாட்டியர்தம் கைப்பக்குவம் ஏடேறாமலே மறைகின்றது. அதனை எழுதி வைத்தல் நம் கடன்.