வெள்ளம் வருமுன் நீளும் கை



திருத்தூதர் பணிகள் நூலின் 11-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்வு உண்டு. அந்தியோக்கியாவுக்கு வந்த அகபு என்னும் இறைவாக்கினர், பெரும் பஞ்சம் வரப்போவதாக முன்னறிவித்தார். பஞ்சம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று சீடர்கள் காத்திருக்கவில்லை. அவரவர் வசதிக்கேற்பப் பணம் திரட்டி, யூதேயாவில் வாழ்ந்தவர்களுக்குப் பர்னபா, சவுல் வழியாக அனுப்பினார்கள். ஒரு நாட்டின் இடரைக் குறைக்க இன்னொரு நாட்டு மக்கள் முன்கூட்டியே உதவியது இது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டனர். அதன்பின் உணவும் போர்வையும் பல ஊர்களிலிருந்து வந்தன. வெள்ளத்திற்குப் பின் கொடுக்க நமக்குத் தெரியும். வெள்ளத்திற்கு முன் கொடுப்பது எப்படி?

2004 சுனாமிக்குச் சில வாரங்களுக்குப் பின், 2005 ஜனவரியில் உலக நாடுகள் ஜப்பானில் கூடி இதைப் பேசின. 2015-இல் அதே ஜப்பானின் செண்டாய் நகரில் 2030 வரைக்குமான திட்டத்தை ஏற்றன. ஆபத்தை அறிதல், நிர்வாகத்தை வலுப்படுத்துதல், முன்கூட்டியே செலவிடுதல், இடிந்ததை முன்பைவிட உறுதியாகக் கட்டுதல் ஆகிய நான்கும் அதன் தூண்கள். வளரும் நாடுகளுக்கான உதவியைப் பெருக்குவதும் அதன் இலக்குகளுள் ஒன்று.

இந்த உதவி மூன்று வழிகளில் நம்மிடம் வருகிறது.

முதலாவது கடன். 2013-இல் தமிழகம், புதுச்சேரிக் கடலோரத்திற்கென உலக வங்கி 23 கோடியே 60 இலட்சம் டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. உறுதியான வீடுகள், புயல் காப்பகங்கள், புதைவட மின்கம்பிகள் ஆகியவை அதன் பணிகள். நம் மலையிலுள்ள சேர்வலாறு அணையும் உலக வங்கி உதவியுடன் நடந்த அணைகள் சீரமைப்புத் திட்டத்தில் பழுது பார்க்கப்பட்டது. நீர்க்கசிவை நிறுத்த, அணைச் சுவரின் நீர்ப்பக்கத்தில் பாய் விரித்ததுபோல் ஒரு நெகிழி உறை போர்த்தப்பட்டது.

இரண்டாவது அறிவுப் பகிர்வு. ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம், இந்தியப் பெருங்கடல் நாடுகளோடு தகவலைப் பகிர்ந்துகொள்கிறது.

மூன்றாவது நன்கொடை. உலகெங்கும் உள்ள காரித்தாஸ் அமைப்புகளின் உதவி, 1962-இல் தொடங்கப்பட்ட காரித்தாஸ் இந்தியா வழியாக மறைமாவட்டங்களை அடைகிறது.

ஒன்றை நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நன்கொடையைத் திருப்பித் தர வேண்டியதில்லை. கடனைத் தர வேண்டும். வட்டி குறைவு, தவணை நீளம் என்றாலும், அது நம் வரிப்பணத்திலிருந்தே கட்டப்படுகிறது. எனவே அது எங்கே செலவாகிறது என்று கேட்பது நம் உரிமை, கடமையும்கூட. காற்றை அதிகம் மாசுபடுத்திய செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கடன்பட்டிருக்கின்றன என்பதையும் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் நினைவூட்டினார். காலநிலை இழப்புகளுக்கென ஒரு தனி நிதியை அமைக்க 2022-இல் எகிப்தில் நாடுகள் இசைந்தன. மறு ஆண்டு துபாயில் அது செயல்வடிவம் பெற்றது. ஆனால் தேவையோடு ஒப்பிட்டால், சேர்ந்த பணம் மிகக் கொஞ்சம்.

உலக நிதி அணையைச் செப்பனிடும். எச்சரிக்கையைக் கைபேசிக்கு அனுப்பும். ஆனால் அந்த எச்சரிக்கையைக் கேட்டதும், நம் தெருவில் தனியாக வாழும் பாட்டியை மேட்டுக்கு அழைத்துவர வேண்டியவர்கள் நாம்தான். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வோர் அன்பியமும் மூன்று காரியங்கள் செய்யலாம். தாழ்வான வீடுகளையும், நடக்க இயலாதோரையும் பட்டியலிடலாம். எந்தப் பள்ளியில், எந்த மண்டபத்தில் தங்குவது என்று முன்பே முடிவு செய்யலாம். கன்னடியன் கால்வாயும் குளங்களும் தூர்வாரப்பட்டனவா என்று பேரூராட்சியின் பகுதி சபையிலும், பக்கத்து ஊர்களின் கிராம சபையிலும் கேட்கலாம்.

நம் சகோதர சமயத்தாரையும் இதில் சேர்த்துக்கொள்வோம். வெள்ளம் வீடு பார்த்து வருவதில்லை. அந்தியோக்கியாவின் சீடர்களைப்போல், காலம் இருக்கும்போதே கை நீட்டும் மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக.