வாக்கு ஒரு கணக்கு, இடம் வேறு கணக்கு

2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் பதிவான வாக்குகளில் ஏறத்தாழ 24 சதவீதம் தி.மு.க.வுக்கு விழுந்தது. கிடைத்த இடம்? ஒன்றுகூட இல்லை. சுமார் 44 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க., 39 தொகுதிகளில் 37-ஐ அள்ளியது.

எண்ணியதில் தவறில்லை, முறையே அப்படி. தொகுதியில் முந்தியவருக்கு வெற்றி. பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நான்கில் ஒருவரின் விருப்பம் அவையில் ஒலிக்காமல் போவது சிறிய குறையல்ல.

இதே முறையால் இலங்கை 1977 பொதுத் தேர்தலில் இதைவிடக் கடுமையாக அடிபட்டது. ஐக்கிய தேசியக் கட்சிக்குச் சுமார் 51 சதவீத வாக்கு. 168-இல் 140 இடங்கள். ஏறக்குறைய 30 சதவீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு வெறும் 8. தமிழர் விடுதலைக் கூட்டணி 7 சதவீதத்துக்கும் குறைவாகவே வாங்கியது. ஆனால் அந்த வாக்குகள் வடக்கு கிழக்கில் குவிந்திருந்தன. 18 இடங்கள் கிடைத்தன. அக்கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

1978 அரசியலமைப்பின் மூலம் இலங்கை விகிதாசார முறைக்கு மாறியது. இன்று அங்கே வாக்காளர் கட்சிச் சின்னத்துக்கு எதிரே புள்ளடி போடுகிறார். பெருக்கல் குறிக்கு ஈழத்தமிழர் வைத்த அழகான பெயர் அது. பிறகு அந்தக் கட்சி வேட்பாளர்களில் மூன்று பேர் வரை, அவர்களுடைய எண்களின் மேல் புள்ளடியிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். மாவட்டத்தில் கட்சி வாங்கிய வாக்குக்கேற்ப இடங்கள் பிரிகின்றன. 5 சதவீதத்தைத் தொடாத கட்சிக்கு அந்த மாவட்டத்தில் பங்கு இல்லை.