பி.பார்ம் படிக்க தோட்டத்தை விக்கலாமா? கம்பம் பள்ளத்தாக்கு பெற்றோருக்கு ஒரு கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த உடனே தேனி, கம்பம் பக்கம் இருந்து நமக்கு வர்ற போன்ல பாதி ஒரே கேள்விதான். "தம்பி, பொண்ணுக்கு நீட்ல மார்க் பத்தல. பி.பார்ம் சேர்க்கலாம்னு இருக்கோம். தோட்டத்துல 30 சென்ட் கொடுத்தா ஃபீஸ் கட்டிரலாம். செய்யலாமா?"

பன்னீர் திராட்சை போடுறவருக்கும் சரி, ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் சேர்த்த காசுல இடம் வாங்கினவருக்கும் சரி, நிலம்தான் கடைசிக் கையிருப்பு. அதுல கை வைக்கிறதுக்கு முன்னாடி நாலு கணக்கைப் பார்த்துடுவோம்.

1. படிச்சு முடிச்சு என்ன செய்யப் போறீங்க?

மெடிக்கல் ஷாப் வைக்கணும்னா 2 வருஷ டி.பார்ம் போதும். முடிச்சுட்டு தமிழ்நாடு பார்மசி கவுன்சில்ல பதிவு பண்ணிக்கணும், அவ்வளவுதான். அரசு மருத்துவமனை மருந்தாளுநர் வேலைக்கும் டி.பார்ம் தகுதிதான். ஆனா டி.பார்முக்குன்னு எக்ஸிட் எக்ஸாம் விதி 2022-ல வந்திருக்கு. சேரும்போது அது எந்த நிலையில இருக்குன்னு கேட்டுக்கோங்க.

மருந்துக் கம்பெனியில தயாரிப்பு, தரப் பரிசோதனை, டிரக் இன்ஸ்பெக்டர் தேர்வு, மேற்கொண்டு எம்.பார்ம்னு ஆசை இருந்தா 4 வருஷ பி.பார்ம் வேணும். குழப்பமா இருந்தா டி.பார்ம் முடிச்சுட்டு, பி.பார்ம் இரண்டாம் வருஷத்துல நேரடியா சேரவும் வழி இருக்கு. கடை மட்டும்தான் குறின்னா, பி.பார்முக்குப் போற கூடுதல் 2 வருஷத்துக்கு ஃபீஸும் போகுது, அந்த 2 வருஷ வருமானமும் போகுது.

2. முதல்ல அரசு சீட்

தமிழ்நாட்டுல பி.பார்முக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மார்க் வச்சு, மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு கவுன்சிலிங் நடத்துது. சென்னை, மதுரை ரெண்டு மருத்துவக் கல்லூரியிலயும் அரசு பி.பார்ம் இருக்கு. பயாலஜி இல்லாம இயற்பியல், வேதியியலோட கணக்கு படிச்ச பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். நீட் கவலையிலேயே இருந்து இந்த விண்ணப்பத் தேதியை கோட்டை விட்டுடாதீங்க.

மதுரை பக்கம்தானே, தினமும் போய் வரலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. நம்ம போடி பாசஞ்சர் காலையில மதுரையில இருந்து கிளம்பி வந்து, சாயங்காலம் திரும்புது. இங்கிருந்து காலேஜ் போறவங்களுக்கு அது நேர் எதிர். அதனால ஹாஸ்டல் செலவையும் சேர்த்தே கணக்கு போடுங்க.

3. ஏஜென்ட் சொல்ற "வெளி மாநில சீட்"

காலேஜுக்கு இந்திய பார்மசி கவுன்சில் அங்கீகாரம் இல்லைன்னா, நாலு வருஷம் படிச்சு வாங்கின சர்டிபிகேட்டை வச்சு மருந்தாளுநரா பதிவு பண்ண முடியாது. பதிவு இல்லாம மருந்து கொடுக்கிறது 1948 பார்மசி சட்டப்படி குற்றம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி கவுன்சிலோட வெப்சைட்ல காலேஜ் பேர், படிப்பு, எந்த வருஷம் வரைக்கும் அனுமதி, மூணையும் நீங்களே பாருங்க. ஏஜென்ட் காட்டுற ஜெராக்ஸ் செல்லாது. "காலேஜுக்கே போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்"னு சொன்னா, அங்கேயே எந்திரிச்சு வந்துடுங்க.

4. நிலமா, லோனா?

உதாரணத்துக்கு ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து வருஷம் 1.25 லட்சம், 4 வருஷத்துக்கு 5 லட்சம்னு வச்சுக்குவோம். வட்டி 10%. படிக்கிற 4 வருஷமும் அதுக்கு மேல 1 வருஷமும் தவணை கிடையாது. ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும்: தனிவட்டியிலயே 1.75 லட்சம். அது அசலோட சேர்ந்து 6.75 லட்சமாகும். 7 வருஷத் தவணைன்னா மாசம் சுமார் 11,200 ரூபாய்.

அந்த வட்டியை அப்பப்போ கட்டிட்டு வந்தீங்கன்னா, தவணை சுமார் 8,300 ரூபாய்தான். முதல் வருஷம் மாசம் 1,042 ரூபாய், நாலாவது வருஷத்துல இருந்து 4,167 ரூபாய் கட்டணும். கடைசியில சுமார் 69,000 ரூபாய் மிச்சம்.

பெற்றோர் வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, மத்திய அரசோட வட்டி மானியத்துக்கு உங்க காலேஜும் படிப்பும் தகுதியான்னு பேங்க்ல கேளுங்க. பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு, கட்டுற வட்டி முழுசுக்கும் 8 வருஷம் வரை கழிவு உண்டு. அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்ச பொண்ணுக்கு, 2022-ல தொடங்கின புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய். முதல் வருஷ வட்டி கிட்டத்தட்ட அதுலயே அடைஞ்சுடும்.

நிலத்தை விக்கிறதா இருந்தா வரியையும் பாருங்க. கிராமப்புற விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனா கம்பம், போடி மாதிரி ஒரு லட்சம் பேருக்குள்ள இருக்கிற நகராட்சி எல்லையில இருந்து 2 கிலோமீட்டருக்குள்ள நிலம் இருந்தா வரி வரும்.

5. கடை வச்சா எவ்வளவு நிக்கும்?

விலைக் கட்டுப்பாட்டுல இருக்கிற மருந்துக்கு, கடைக்காரர் வாங்குற விலை மேல 16% லாபம்னு 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்லுது. 100-க்கு வாங்கி 116-க்கு விக்கிறீங்க. விற்பனையில பார்த்தா அது 13.8%தான். மத்த மருந்துல கொஞ்சம் கூட வரும். சராசரி 16%ன்னு வச்சு, ஒரு நாள் விற்பனை 8,000 ரூபாய்னு எடுத்துக்குவோம்.

மாச விற்பனை: 2,40,000
லாபம்: 38,400
வாடகை, கரண்ட், உதவியாள் சம்பளம், காலாவதி இழப்பு: 19,500
மிச்சம்: 18,900

நீங்களே மருந்தாளுநரா கடையில உட்கார்ந்தா இதுதான் உங்க சம்பளம். சம்பளத்துக்கு இன்னொரு மருந்தாளுநரை வச்சா கையில ஒண்ணும் நிக்காது. சில பேர் சர்டிபிகேட்டை மட்டும் வாடகைக்கு வாங்கி மாட்டுறது இதனாலதான். உங்க பொண்ணு படிச்சு முடிச்ச உடனே "மாசம் இவ்வளவு தர்றோம், சர்டிபிகேட் மட்டும் கொடுங்க"ன்னு ஆள் வருவாங்க. அந்தக் கடையில தப்பான மருந்து போனா, சுவர்ல தொங்குறது உங்க பொண்ணு பேருதான். பதிவே ரத்தாகலாம். 5 லட்சம் செலவு பண்ணி வாங்கின படிப்பை சில ஆயிரத்துக்கு அடகு வைக்கிற வேலை அது.

சொந்தக் கடைக்கு குறைஞ்சது 10 சதுர மீட்டர் இடமும் ஃபிரிட்ஜும் வேணும். 2025 பிப்ரவரி 24-ல 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தப்போ, டி.பார்ம், பி.பார்ம் முடிச்ச தொழில்முனைவோருக்கு 3 லட்சம் மானியம் அறிவிச்சாங்க. இந்த மாதிரி அறிவிப்பு வர்றப்போ கூட்டுறவுத் துறையில விசாரிச்சு வையுங்க.

அப்போ என்ன செய்யலாம்?

முதல்ல அரசு சீட். கிடைக்கலைன்னா அங்கீகாரம் உள்ள பக்கத்துக் காலேஜ், கல்விக்கடன், முடிஞ்ச வரை வட்டியை மாசாமாசம் கட்டுறது. நிலம் அதுக்கும் பிறகுதான். அந்த 30 சென்ட் கையில இருந்தா, பொண்ணு படிச்சு வந்து கடை போடும்போது பேங்க்ல அடமானம் காட்டவாவது உதவும்.

உங்க ஊர், பிள்ளையோட மார்க், குடும்ப வருமானம் மூணையும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவில உங்க எண்களை வச்சே கணக்கு போட்டுப் பார்ப்போம்.